திக்காம ஓடற பொட்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, இடிக்கப் போற கட்டடத்துக்கு என்ன மரியாதை. அந்தச் சேர்ல மட்டும் உக்காராதீங்க, ஒரு காலு ஆடும். இங்க, கம்ப்யூட்டர் பொட்டிக்கு முன்னாலயே உக்காருங்க. இருங்க, சுச்சுப் போட்டர்றன். இது முழிச்சு எந்திரிக்கச் சித்த நேரமாகும். நடுவுல கட்டுக் கட்டுன்னு ஒரு சத்தம் வரும், பயந்துக்காதீங்க, அதுபாட்டுக்கு வரும்.

உங்க பேச்சு மெட்ராஸ் பக்கமாட்ட இருக்குதுங்களே? பொறந்தது அங்கதானுங்களா? பொழப்பு மட்டும் திருப்பூர்லயா. சரி சரி. இப்பெல்லாம் யாரும் மெட்ராஸ்னு சொல்றதில்ல, எனக்கும் தெரியுமுங்க. கவருமெண்டு பேரை மாத்துனது அவங்க பாடு. நான் மெட்ராஸ்னுதான் சொல்லுவன். அதுக்கொரு காரணம் இருக்குது.

கையில அது என்னங்க, டிஸ்கா? காப்பி எடுக்கறதுக்குக் கொண்டாந்தீங்களா? பைக்குள்ளயே இருக்கட்டும். நான் இன்னும் சரின்னு சொல்லலை.

கொழுந்தனாரு அனுப்புனாரா? தேவராசு? நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதாக்கும். "எங்கண்ணிகிட்ட ஒரு பழைய பொட்டி இருக்குது, அதுல அந்தச் சுடற ஆட்டம் திக்காம ஓடும், போய்ப் பாருங்க"ன்னு சொல்லியிருப்பாரு. அவருக்கு என்னங்க, இந்தப் பொட்டி எங்கண்ணுல இருந்து மறைஞ்சாப் போதும். எங்க ஊட்டுக்காரரு போனதுல இருந்து அவருக்கு அதே வேலை.

நாளைக்குச் சாவி குடுக்கணுமுங்க. கட்டடக்காரரு இடிச்சுக் கட்டறாரு. பொட்டியை ஊட்டுக்குக் கொண்டு போலாமேன்னு நீங்க கேப்பீங்க. மெக்கானிக்கு வந்து பாத்துப்போட்டு, "தூக்கி வண்டியில வெச்சீங்கன்னா உள்ள இருக்கற டிஸ்கு தாங்காதுக்கா, எந்த எடத்துல இருக்குதோ அங்கியே ஓடற வரைக்கும் ஓடட்டும்"னுட்டாரு. இதுவே சொல்லுது பாருங்க, கட்டுக் கட்டுன்னு. அதனால உங்க டிஸ்குல ஏத்துனா உண்டு, இல்லாட்டி இன்னிக்கோட முடிஞ்சுது. தெரிஞ்சுதான் உங்களை உக்கார வெச்சிருக்கறன். ஆனா எதைக் கொண்டு போறீங்கன்னு கேட்டுட்டுக் கொண்டு போங்க.

எங்க ஊட்டுக்காரரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல கம்ப்யூட்டர் பாடம் எடுத்துட்டிருந்தவருங்க. ஒரு பனியன் கம்பெனி கழிச்சுப் போட்ட பொட்டிகளை வண்டியில ஏத்தியாந்து இந்த ரூம்ல அடுக்கி பிரவுசிங் சென்டர்னு போர்டு மாட்டுனாரு. அப்பத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பெரிய சென்டரு ஒண்ணு வந்துச்சு. ஏசி, புதுப் பொட்டி, சுத்தற சேரு. எங்களுது எல்லாம் பழுப்பேறிப் போனது. ஆனாலும் பசங்க இங்க வந்தாங்க. எதுக்குன்னா இங்க எவ்வளவு வேணாலும் கத்தலாம், அங்க கத்தக்கூடாது.

வந்து என்ன பண்றது, ஆட்டம் ஓடோணுமில்ல? திக்குமுங்க. அப்படித் திக்கும். எதிராளி மூலையில இருந்து தலையை நீட்டுனா இங்க படம் நின்னுக்கும். மறுபடி நகர்றப்ப இவன் செத்துக் கிடப்பான். ஒரு பையன் எங்கிட்டயே சொன்னான், "அக்கா, உங்க பொட்டியில செத்த பின்னாலதான் சுட்டவன் யாருன்னே தெரியுது"ன்னு. எனக்குச் சிரிப்பு. இவருக்கு ரோசம்.

ஒரு மார்கழி பூராவும் இவரு ஒரே பொட்டி முன்னால உக்காந்துட்டாருங்க. சோறு இங்கதான் கொண்டாந்து குடுப்பன். "என்னத்தைச் சேத்தறீங்க அதுல?"ன்னு கேட்டா, "சேத்தறதில்ல, கலா, எடுக்கறது"ம்பாரு. என்னென்ன வேண்டாமோ அதையெல்லாம் எடுத்தாராமா. படத்தைச் சின்னதாக்குனாரு. நெழலை எடுத்தாரு. செவுத்துல குண்டு பட்ட ஓட்டை, பொகை, கீழ உருள்ற தோட்டா, எல்லாத்தையும் எடுத்தாரு. அப்புறம் பொணம். செத்தவன் தரையில கிடக்கறானில்லீங்க, அவன் கிடக்கற வரைக்கும் மெஷினு அவனையும் வரைஞ்சுட்டே இருக்கோணுமாமா. "போனவனை எதுக்குத் தாங்கோணும், விழுந்த ஒடனே மறையட்டும்"னு அதையும் எடுத்துப்போட்டாரு.

பொங்கலுக்கு முந்துன நாளு ஓடுச்சு பாருங்க! வெண்ணெய்ல கத்தி போறாப்புல. பஸ் ஸ்டாண்டுக் கடையில இருந்து பசங்க எந்திரிச்சு இங்க வந்து நின்னு பாத்தானுங்க.

ஒரு பொட்டி சரியாயிருச்சு. மத்த பொட்டிக்கெல்லாம் மறுபடி மார்கழி உக்கார முடியுங்களா? ஒரு பொட்டியில இருக்கறதை அப்படியே அச்சு மாறாம எல்லாத்துலயும் எறக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். கோஸ்ட் அடிக்கறதும்பாங்க. அன்னிக்குப் பொழுதோட எல்லாப் பொட்டிக்கும் கோஸ்ட் அடிச்சாரு. கூடவே ஒரு பூட்டும் போட்டாரு. பசங்க எதை நோண்டுனாலும், அமத்திட்டு மறுபடி போட்டாப் பழையபடி வந்துரும்.

அதுல ஒரே ஒரு தப்புப் பண்ணிப்போட்டாரு. ஆட்டத்துக்குள்ள ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேரு இருக்கோணுமில்லீங்களா? இவரு சரி பாக்கறப்ப தம்பேரை அடிச்சு வெச்சிருந்தாரு. அதை அழிக்காம கோஸ்ட் அடிச்சுப் பூட்டும் போட்டுட்டாரு. எல்லாப் பொட்டியிலயும் இவரு பேரு. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. ஒரே பேரு திருப்பித் திருப்பி வந்தா மெஷினே ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுக்குமாமா. "பொங்கல் முடியட்டும், எடுத்தர்றன்"னாரு.

என்ன பேருன்னு கேக்கறீங்களா? நான் சொல்லக்கூடாதுங்க. புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லி வளத்துனது. இந்தக் காலத்துப் புள்ளைங்க புருசனை வாடா போடாங்கறாங்க, அது அவங்க இஷ்டம். நான் கண்ணாலமாகி வந்ததுல இருந்து ஒருக்காக்கூடச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறப்பக்கூடத் தேவராசைத்தான் சொல்லச் சொல்லுவன். இங்கிருந்து ஈரோட்டுக்குப் போற வழியில முருகன் மலை ஒண்ணு இருக்குதில்லீங்களா, அந்தச் சாமி பேருதானுங்க அவருக்கு. அதனால அந்த ஊரு பேரையும் சொல்ல மாட்டன். பஸ்ஸுல ஏறுனா, "போர்வை நெய்யற ஊருக்கு ஒரு டிக்கெட்டு"ம்பன். கண்டக்டருங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. உங்க ஊருக்குப் புதுப் பேரு வெச்சாங்களே, அதுவும் வாயில வராது. அதான் மெட்ராஸு. புரிஞ்சுதுங்களா?

பொங்கல் முடிஞ்ச அந்த வாரம், மவுசு வாங்கியாறன்னு ஈரோட்டு பஸ்ஸு ஏறுனாரு. சீட்டுல சாஞ்சவரு சாஞ்சவருதான். தூங்கறாருன்னு நெனச்சுக் கண்டக்டரு ஈரோடு வரைக்கும் கொண்டு போயிட்டாரு. எல்லாரும் எறங்குன பின்னால எழுப்பிப் பாத்திருக்கறாங்க. எந்த மலைக்கு நேந்து பேரு வெச்சாங்களோ அந்த மலையைத் தாண்டறப்பத்தான் போயிருக்கோணும்னு பேசிக்கிட்டாங்க. யாரு கண்டா.

மத்தியானத்துக்கு மேல கொண்டாந்தாங்க. பொழுதோடயே எடுத்துட்டாங்க. தேவராசுதான் அவசரப்படுத்துனாரு. "வெயில்ல இருந்து வந்த ஒடம்பு, தாங்காது அண்ணி"ன்னாரு. எந்தம்பி கோயமுத்தூர்ல இருந்து வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் ஒழுங்கா மூஞ்சியைப் பாத்தனான்னே எனக்கு ஞாபகமில்லீங்க. தண்ணி ஊத்துனாங்க, தூக்குனாங்க, ஊட்டு ஆசாரக் கூடமே வெறிச்சுனு ஆயிருச்சு. ராத்திரி கூட்டி உட்டாப்புல.

அது கிடக்கட்டும். ஆட்டத்துக்கு வாறன்.

காரியமெல்லாம் முடிஞ்சு கடையைத் தொறந்தனுங்க. பசங்க வந்து தயங்கித் தயங்கி நின்னானுங்க. "உக்காருங்கடா"ன்னன். உக்காந்தானுங்க. சித்த நேரம் அமைதியா ஆடுனானுங்க. ஆட்டம் சூடு புடிச்சா மறந்துருமில்லீங்களா? ஒருத்தன் கத்தறான், அவரு பேரைச் சொல்லி, "போட்டுட்டண்டா!"ன்னு. இன்னொருத்தன், "மூணாம் நம்பரு மாடியில நிக்கறாண்டா, மண்டையிலயே அடி!"ங்கறான். மேல மூலையில வரிவரியா வந்துட்டே இருக்குது, அவரு அவரைக் கொன்னாருன்னு. நான் அந்த முன் மேசையில உக்காந்திருக்கறன். சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டுப் பின்னால போயிட்டன்.

அவ்வளவுதானுங்க, ஒரு நாளு. அப்புறம் பழகிப்போச்சு. என்ன இருக்குது அதுல? சாவாரு, ஒடனே மறைஞ்சுக்குவாரு, அடுத்த ஆட்டத்துக்கு எந்திரிச்சு வருவாரு. எனக்கு அந்தப் பேய் பிசாசு நம்பிக்கையெல்லாம் கிடையாது. திக்காம ஓடுது, பசங்க வர்றாங்க, கடை நடக்குது, அவ்வளவுதான்.

ஆனா ஊர் வாயை மூட ஒலைமூடி இருக்குதுங்களா? கோஸ்டுன்னா இங்கிலீசுல பேயின்னு யாரோ எம் மாமியாகிட்ட சொல்லிப்போட்டாங்க. "எம்மவன் சாவறதுக்கு முன்னாலயே தன்னைப் பேயா மாத்தி எல்லாப் பொட்டியிலயும் அடைச்சு வெச்சுட்டுப் போயிட்டானாமா!"ன்னு ஒப்பாரி. ஒரு பூசாரியைக் கூட்டியாந்தாங்க. அந்தாளு ஒவ்வொரு பொட்டிக்கும் எலுமிச்சங்கனி சுத்தி, வேப்பந்தழையில மஞ்சத் தண்ணியைத் தெளிச்சாரு. காத்துக்குன்னு பொட்டியெல்லாம் பக்கவாட்டு மூடியைக் கழட்டி வெச்சிருக்குது. மூணாம் நம்பரு பொட்டி பட்டுன்னுச்சு, பொகை வந்துச்சு, அடங்கிருச்சு. "போயிருச்சு பாத்தீங்களா!"ங்கறாரு பூசாரி. போனது பொட்டிங்க.

மாமியா ஒரு பக்கம்னா தேவராசு ஒரு பக்கம். "அண்ணி, அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பசங்க சுடறது எனக்குக் கேக்க முடியலை, பேரையாச்சும் மாத்திருவம்"னு அழுகாத கொறை. ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்து நாலாம் நம்பரையும் அஞ்சாம் நம்பரையும் சுத்தமாத் தொடைச்சுப் புதுசா ஆட்டத்தை ஏத்துனாரு. என்னாச்சு? பழையபடி திக்குச்சு! பசங்க அந்தப் பொட்டிப் பக்கமே போகலை. நான் சொன்னன், "பாத்தீங்களா? பேரை எடுத்தா ஓடாது"ன்னு. அந்த மெக்கானிக்கு, "அக்கா, பேரு ஒரு வரி. பூட்டைத் தொறந்து அதை மட்டும் மாத்துனா மத்தது ஒண்ணும் ஆகாது"ன்னாரு. ஆகாதாமா! உங்களுக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா? ஒண்ணைத் தொட்டா ஒண்ணு போயிரும். தொடக்கூடாதுன்னுட்டன். அப்புறம் நானே அந்த மெக்கானிக்குகிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டு, ஒண்ணாம் நம்பர்ல இருந்து அந்த ரெண்டு பொட்டிக்கும் கோஸ்ட் அடிச்சன். மறுபடி பேரு வந்துச்சு. மறுபடி திக்காம ஓடுச்சு. இதுக்கு என்னங்க சொல்றீங்க?

சிரிக்கறீங்க. சிரிங்க. நீங்களும் அந்த மெக்கானிக்குக் கட்சிதான்.

தேவராசு அதுக்கப்புறம் பேரை மாத்தறதைப் பத்திப் பேசலை. ஆனா ஞாயித்துக்கெழமையானா வந்துருவாரு. நோண்டறதுக்குத்தான், வேற எதுக்கு? நாலாம் நம்பர்ல உக்காருவாரு. ஆடவும் தெரியாது. ஒரு செவுத்து மூலையில போய் நின்னுக்குவாரு. யாரையும் சுட மாட்டாரு. யாராச்சும் வந்து சுடற வரைக்கும் நிப்பாரு. சுட்டதும் எந்திரிச்சுப் போயிருவாரு. பசங்க, "தேவராசண்ணன் வந்தா ஒரு கொலை சும்மா கெடைக்கும்டா"ன்னு கேலி பண்ணுவானுங்க. என்ன மனுசனோ. அப்படியே வண்டியை எடுத்துட்டுப் போயிருவாரு.

அப்புறம் எல்லாத்து கைக்கும் செல்போன் வந்துச்சு. பசங்க ஆட்டமெல்லாம் உள்ளங்கைக்குப் போயிருச்சு. பஸ் ஸ்டாண்டுக் கடையே மூடிட்டுப் போயிட்டான், எங்களுது எம்மாத்திரம்? கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதைதான். ஒரு பொட்டி போனா அதைப் பிரிச்சு இன்னொண்ணுக்குப் போடுவன். அதுவும் போனா மூணாவதுக்கு. இப்ப உங்க முன்னால இருக்கறது ஒண்ணாம் நம்பருன்னு எழுதியிருந்தாலும், அதுக்குள்ள எல்லாப் பொட்டியும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குது.

ஒத்தைப் பொட்டி ஆன பின்னால ஒண்ணு ஆச்சுங்க. எதிராளி இல்லையே. ஆட்டத்தைத் தொறந்தா அந்த ஊரு இருக்கும், மணலு, செவுரு, பெரிய கதவு, மரப்பொட்டி, எல்லாம் இருக்கும். இவரு ஒருத்தரு மட்டும் துப்பாக்கியைப் புடிச்சுட்டு நிப்பாரு. நின்னுட்டு இருக்கறது நாமதானுங்களாமா, அதனால மூஞ்சி தெரியாது. கை மட்டுந்தான் தெரியும். நான் காத்தால கடையைக் கூட்டிப்போட்டு அதைத் தொறந்து உடுவன். நடக்கற பொத்தானை அமுக்குனா நடப்பாரு. சுட ஆளில்ல, சாவும் இல்ல. இப்ப அவரு சாவறதே இல்லீங்க.

ஆனா பாருங்க, ஒண்ணு மட்டும் எனக்குப் புடிபடலை. முந்தி பசங்க கத்தறப்ப, எப்படா வாயை மூடுவானுங்கன்னு இருக்கும். இப்ப எந்தச் சத்தமும் இல்லை. மாமியாளும் போய்ச் சேந்துட்டாங்க. தேவராசு அண்ணன்னுதான் சொல்லுவாரு. எம்மவன் பெங்களூர்ல இருக்கறான், அவனுக்கு அப்பா. கரண்டு பில்லுகூட இப்ப எம்பேருக்கு மாறிப்போச்சு. ஒரு நாளு கடையில உக்காந்திருக்கறப்பத்தான் தோணுச்சு, அந்தப் பேரைக் காதுல கேட்டு எத்தனை காலமாச்சுன்னு. யாரும் சொல்றதில்லையே. இங்க எழுத்துல இருக்குது, ஆனா சொல்ல ஆளில்ல. நான் சொல்லக்கூடாது.

அதனால இப்பல்லாம் யாராச்சும் வழி தப்பி ஜெராக்ஸ் இருக்குதான்னு வந்தாக்கூட உக்கார வெச்சு ஆட்டத்தைக் காட்டறது. நீங்க மனசுல ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. காப்பி எடுத்துக்கங்க, நான் வேண்டாங்கலை. ரெண்டே ரெண்டு பேச்சு. ஒண்ணு, உங்க பொட்டியில ஏத்துன பின்னால பேரை மாத்தக்கூடாது. தெரியும் தெரியும், ஒரு வரிதான். இருந்தாலும் மாத்தக்கூடாது. ரெண்டாவது, இப்ப ஆட்டம் தொறந்ததும் அந்தப் பேரைச் சத்தமா ஒருக்காப் படிக்கோணும். அவ்வளவுதான்.

ம், வந்துருச்சு பாருங்க. அந்தப் படத்து மேல ரெண்டு தட்டுத் தட்டுங்க. இருங்க, அவசரப்படாதீங்க. ஆங். மணலு தெரியுதா? கை தெரியுதா? நடங்க. அந்தக் கதவுப் பக்கம் போங்க. எப்படிப் போகுது பாத்தீங்களா? உங்க புதுப் பொட்டியில இப்படிப் போகுமா? இப்ப அந்த மூலைப் பொத்தானை அமுக்கிப் புடிங்க, ஆளுங்க பேருப் பலகை வரும். ஒரு பேருதான் இருக்கும். படிங்க தம்பி. சத்தமா.

என்னங்க?

இல்லீங்களே. சரியாப் பாருங்க.

மறுபடியும் ஊரு பேரையே சொல்றீங்களே! உங்க ஊரு எதுக்குங்க அங்க வருது? இங்கிலீசு எழுத்துத்தான், ஆனா நடுவுல அந்த ஏ எழுத்து இருக்குதுங்களா? இல்லையில்ல? அப்புறம் எப்படி அது ஊராகும்? மனுசன் பேருங்க அது. பாதியோட நிறுத்தியிருப்பாரு. சேத்திப் படிங்க. அட, மறுபடியும் அதையே! உங்க ஊரு இல்லீங்க தம்பி, சென்னி! சென்னி! சென்னியப்பன்!

ஐயோ.

சொல்லிப்போட்டனே.

தம்பி, பொட்டியைப் பாருங்க. என்னால பாக்க முடியலை, நீங்க பாருங்க. நின்னுக்கிச்சா? மவுசை ஆட்டுங்க. நடக்கற பொத்தானை அமுக்குங்க. நகருதா? நெசமாவா? திக்கலையா? கை தெரியுதா இன்னும்?

அந்தக் கட்டுக் கட்டுச் சத்தம் அதுபாட்டுக்குத்தான வருது?

சரி. டிஸ்கை எடுத்து மேசை மேல வைங்க. ஆட்டத்தை அமத்த வேண்டாம், அது ஓடட்டும். நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் இன்னொருக்காச் சொல்லிப் பாக்கறன்.